கல்லூரி பேஸ்பாலும் கணக்குப் புத்தகமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணமுடை வரும்போது நிர்வாகிகளின் கத்தரிக்கோல் பெரும்பாலும் இரண்டு இடங்களை நோக்கிப் போகிறது. ஒன்று, மாணவர் எண்ணிக்கை குறைந்த மொழி, இலக்கியத் துறைகள். மற்றொன்று, வருமானம் தராத விளையாட்டு அணிகள். இலக்கியம் கற்பிப்பவன் முதலாவதைப் பற்றிப் புலம்புவான் என்று எவரும் எதிர்பார்ப்பர். நான் பேச விரும்புவது இரண்டாவதைப் பற்றி. குறிப்பாக, கல்லூரி பேஸ்பாலைப் பற்றி. இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பது என் எண்ணம். ஒரு கல்லூரிக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதைக் கணக்குப் புத்தகம் மட்டுமே முடிவு செய்யலாமா என்பதே அந்தக் கேள்வி.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்குக் கல்லூரி பேஸ்பாலின் இடம் சற்று விளங்காத ஒன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் முதலில் அமெரிக்கக் கால்பந்து, அடுத்து கூடைப்பந்து. தொலைக்காட்சிப் பணம் முழுவதும் அவற்றைச் சுற்றியே பாய்கிறது. பேஸ்பால் அந்த நாட்டின் பழைய தேசிய விளையாட்டாக இருந்தும், கல்லூரி வளாகத்துக்குள் அது மூன்றாம் பந்திக்காரன். காரணம் எளிது. கால்பந்தில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக வேண்டுமானால் கல்லூரியைக் கடந்துதான் போக வேண்டும். பேஸ்பாலில் அப்படியில்லை. தொழில்முறை அணிகளுக்கெனச் சிறு லீக்குகள் உண்டு. 1965 இல் தொடங்கிய வீரர் தேர்வு முறையின்படி பள்ளி முடித்த பையனையே அவை எடுத்துக்கொள்ளலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டவனை மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது இருபத்தொரு வயதானதும், வந்து அழைத்துப் போகலாம். ஆக, கல்லூரிக்கு வாய்ப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி வயதில் எடுக்கப்படாதவர்கள், அல்லது அந்த அழைப்பை வேண்டாம் என்றவர்கள். அவர்களிலும் சிறந்தவர்கள் மூன்றே ஆண்டுகளில் போய்விடுவர்.

இதனுடன் ஒரு விசித்திரமான எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 11.7. முதல் பிரிவில் ஒரு கல்லூரி தன் பேஸ்பால் அணிக்கு வழங்கக்கூடிய முழு உதவித்தொகைகளின் உச்சவரம்பு நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. ஒரு மனிதனைப் பத்தில் ஏழாக எண்ணும் இந்தக் கணக்கை எந்தக் குமாஸ்தா கண்டுபிடித்தாரோ! முப்பத்தைந்து பேர் கொண்ட அணியில் இருபத்தேழு பேர் வரை அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதாவது, பெரும்பாலான பையன்கள் தங்கள் கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தாங்களே கட்டிக்கொண்டு விளையாடினார்கள். பிப்ரவரிக் குளிரில் தொடங்கி 56 ஆட்டங்கள்; அதற்குப்பின் 64 அணிகள் மோதும் போட்டித்தொடர்; அதில் எஞ்சும் எட்டு அணிகள் ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். கல்லூரி உலகத் தொடர் என்று அழைக்கப்படும் இறுதிச் சுற்று 1950 முதல் அங்கேதான் நடக்கிறது. ரசிகர்கள் 'இந்த ஆண்டு ஒமாஹா' என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதும், விளங்கிவிடும்.

பணமில்லை. புகழ் குறைவு. நட்சத்திரங்கள் தங்குவதில்லை. அப்படியானால் இந்த ஆட்டத்தின் மேல் இத்தனை மனிதர்களுக்கு இத்தனை பிடிப்பு ஏன்?

*

மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டார்க்வில் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 24,000. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் பேஸ்பால் மைதானத்தின் பெயர் டூடி நோபிள் ஃபீல்ட். 1960களில் மாணவர்கள் சிலர் இடப்பக்க எல்லை வேலிக்கு வெளியே தங்கள் பிக்கப் வண்டிகளை நிறுத்தி, அவற்றின் மேல் ஏறி நின்று ஆட்டம் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு வண்டிகளில் பலகைகள் அடித்து இருக்கைகள் செய்தார்கள். இறைச்சி சுடும் அடுப்புகள் வந்தன. அந்த இடத்துக்கு 'லெஃப்ட் ஃபீல்ட் லவுஞ்ச்' என்று பெயரும் வந்தது. நம் மொழியில் சொன்னால், அது ஒரு திண்ணை. தந்தை உட்கார்ந்த இடத்தில் மகனும், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளும் உட்காரும் திண்ணை. 2019 இல் மைதானத்தைப் புதுப்பித்தபோது அதுவும் ஒழுங்குபடுத்தப்பட்டது. மைதானத்தைப் பார்த்தபடி குடியிருப்புகளே எழுந்தன. ஆனாலும் அந்தத் திண்ணையின் குணம் மாறவில்லை என்றே பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்.

2014 இல் அந்த மைதானத்தில், அண்டைப் போட்டியாளரான மிசிசிப்பி பல்கலைக்கழகத்துடன் நடந்த ஒரு சாதாரணப் பருவ ஆட்டத்துக்கு 15,586 பேர் வந்தார்கள். கல்லூரி வளாகத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டமொன்றுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. 2023 இல் அதே மைதானம், அதே எதிரி. கூட்டம் 16,000ஐத் தாண்டியது. ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

ஜெயிப்பதால்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். இல்லை என்பதே இதில் சுவையான செய்தி. 1878 இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் எந்த அணி விளையாட்டிலும் ஒரு தேசியப் பட்டத்தைக்கூட வென்றிருக்கவில்லை. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற வில் கிளார்க், ரஃபேல் பால்மெய்ரோ இருவரும் ஒன்றாக ஆடிய 1985 ஆம் ஆண்டு அணியும் ஒமாஹா வரை போய் வெறுங்கையுடன் திரும்பியது. முதல் பட்டம் வந்தது 2021 ஜூன் 30 அன்று. அதை வாங்கித் தந்தது பேஸ்பால் அணி. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டாக அந்த வேலிக்கு வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள் வெற்றிக்காக வந்தவர்கள் அல்லர். அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்; வெற்றி ஒருநாள் அவர்களைத் தேடி வந்தது, அவ்வளவுதான்.

நாவலாசிரியர் ஜான் கிரிஷாம் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதை இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. அவர் அங்கே வாங்கிய பட்டம் கணக்கியலில்!

*

சற்று இலக்கியப் பக்கம் திரும்புவோம். 1981 மே 21 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட் ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழக மைதானத்தில் ஓர் ஆட்டம். யேல் அணிக்கு ரான் டார்லிங், எதிரணியான செயின்ட் ஜான்ஸுக்கு ஃபிராங்க் வயோலா பந்து வீசினார்கள். டார்லிங் தொடர்ந்து பதினோரு இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடத் தரவில்லை. மட்டையால் அடித்து ஒருவனும் தளத்தை அடைய முடியவில்லை என்று பொருள். ஆனால் மறுபக்கம் வயோலாவும் யேலை ஓட்டம் எடுக்கவிடவில்லை. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் முதல் ஹிட் விழுந்தது. அடித்தவர் தளம் தளமாகத் திருடி ஓடி ஒரே ஓட்டத்தை எடுத்தார். யேல் 0–1 என்று தோற்றது. அந்த முதல் ஹிட் விழுந்தபோது எதிரணி வீரர்களே எழுந்து நின்று டார்லிங்குக்குக் கைதட்டினார்கள்.

அன்று பார்வையாளர் இருக்கையில், நியூயார்க்கர் இதழின் புனைகதை ஆசிரியராக நெடுங்காலம் இருந்த ரோஜர் ஏஞ்சல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தொண்ணூற்றொரு வயது முதியவர் ஒருவர். 'ஸ்மோக்கி' ஜோ வுட். 1912 இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 34 ஆட்டங்களை வென்றெடுத்த பந்து வீச்சாளர். பிறகு இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் யேல் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். மைதானத்தில் இருபது வயது. இருக்கையில் தொண்ணூறு வயது. இரண்டையும் ஒரே வலையில் கோத்து ஏஞ்சல் எழுதிய கட்டுரை, 'தி வெப் ஆஃப் தி கேம்', விளையாட்டைப் பற்றிய ஆங்கில உரைநடையின் உச்சங்களில் ஒன்று என்று கருதுபவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

டார்லிங்கும் வயோலாவும் பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றார்கள். ஆயினும் அந்த மதியம் அதற்கெல்லாம் முந்தியது. அன்று அங்கே கூலி வாங்கியவன் எவனும் மட்டை பிடிக்கவில்லை. கல்லூரி என்பது தலைமுறைகளை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் இடம் என்று மேடைகளில் சொல்கிறோமே, அது ஒரு மர இருக்கையில் நிகழ்ந்தது. அப்போது யேலின் தலைவராக இருந்தவர் பார்ட்லெட் ஜியாமட்டி. மறுமலர்ச்சிக் கால இலக்கியப் பேராசிரியர். பேஸ்பாலைப் பற்றி 1977 இல் அழகானதொரு கட்டுரை எழுதியவர். 1989 இல் தொழில்முறை பேஸ்பாலின் ஆணையராகவே ஆகி, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று காலமானவர். இலக்கியத்தையும் இந்த ஆட்டத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுப்பவர்கள் இவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

இனி, கத்தரிக்கோலுக்கு வருவோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2010 செப்டம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: பணப்பற்றாக்குறையால் பேஸ்பால் உள்ளிட்ட சில அணிகள் நிறுத்தப்படும். 1947 இல் நடந்த முதல் கல்லூரி உலகத் தொடரை வென்றதே இந்த பெர்க்லி அணிதான். அன்று தோற்ற யேல் அணியில் ஆடியவர் பிற்கால அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். இத்தகைய வரலாறும் பற்றாக்குறைக் கணக்கின் முன் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

பழைய மாணவர்களும் பெற்றோரும் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். நிறுத்தப்பட இருந்த வேறு சில அணிகள் 2011 பிப்ரவரியில் மீட்கப்பட்டன. பேஸ்பால் பட்டியலிலேயே நின்றது. அவர்கள் ஓயவில்லை. 90 லட்சம் டாலருக்கு மேல் வாக்குறுதிகள் சேர்ந்தபின், ஏப்ரல் மாதம் நிர்வாகம் இறங்கி வந்தது. தங்கள் அணி அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாமலேயே அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களை ஆடி முடித்திருந்த பையன்கள், அதன்பின் செய்தது கதைபோல இருக்கிறது. பேய்லர் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் நான்கு ஓட்டங்கள் எடுத்து 9–8 என்று வென்றார்கள். அடுத்த சுற்றைச் சொந்த மைதானத்தில் நடத்த முடியவில்லை. அங்கே அப்போது இரவு விளக்குகளே இருக்கவில்லை. சான்டா கிளாராவில் ஒரு மைதானத்தில் ஆடி அதையும் வென்று ஒமாஹா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பட்டம் கிடைக்கவில்லை. ஓர் ஆட்டம் வென்று இரண்டில் தோற்றுத் திரும்பினார்கள்.

இரவு விளக்கு இல்லாத மைதானம் உள்ள அணிக்காக 90 லட்சம் டாலர் தர முன்வந்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்? கணக்கியலில் இதற்கு விடையில்லை. ஆனால் தன் வாழ்வின் நான்கு ஆண்டுகள் வீணாகவில்லை என்று ஒருவன் தனக்கே சொல்லிக்கொள்ள விரும்பும் விருப்பம் எவ்வளவு வலியது என்பது நமக்குத் தெரியும். இருபது வயதில் நின்ற மண் அங்கேயே இருக்கிறது, அதில் இன்னொருவன் நிற்கிறான் என்ற எண்ணத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இதைவிட ஒருபடி மேலே போன நிகழ்ச்சி 2024 இல் அலபாமாவில் நடந்தது. பர்மிங்ஹாம் சதர்ன் என்னும் சிறு கல்லூரி. 1856 இல் வேர்விட்டது. கடைசியில் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். மாநில அரசிடம் எதிர்பார்த்த மூன்று கோடி டாலர் கடன் கிடைக்காமல் போகவே, மே 31 அன்று கல்லூரியை நிரந்தரமாக மூடுவதென்று நிர்வாகக் குழு மார்ச் மாதம் முடிவெடுத்தது. அந்தப் பருவத்தில்தான் அதன் பேஸ்பால் அணி வெல்லத் தொடங்கியது. மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. மண்டலச் சுற்றுகளை வென்று ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட்லேக்கில் நடந்த உலகத் தொடருக்கு அணி போனது. செலவுக்கு ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். தொடரின் முதல் ஆட்டம் மே 31. கல்லூரி மூடப்பட்ட அதே நாள்.

அன்று தோற்றார்கள். மறுநாள், ஜூன் 1, சட்டப்படி இல்லாத ஒரு கல்லூரியின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு களமிறங்கி, கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னால் வென்றார்கள். அதற்கு மறுநாள் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள். அத்துடன் முடிந்தது.

வகுப்பறை, நூலகம், அலுவலகம் எல்லாம் பூட்டப்பட்டபின் அந்தக் கல்லூரி உயிரோடு இருந்த ஒரே இடம் ஒரு பேஸ்பால் மைதானம். அதுவும் சொந்த மைதானமல்ல; வேறொரு மாநிலத்தில், இரவல் மைதானம். இந்த இரண்டு நாட்களைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு கல்லூரி என்பது அதன் கட்டடமா, அங்கீகாரமா, வங்கிக் கணக்கா? இம்மூன்றும் போனபின்பும் அதன் பெயரைச் சொல்லி எழுந்து நின்று கத்த ஆட்கள் இருந்தார்கள் என்றால், அவர்கள் எதை நேசித்தார்கள்?

*

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

2023 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் நாலரைக் கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 28 பட்டப் படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க முடிவு செய்தது. உலக மொழிகளின் துறை ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. அதே ஆண்டு வசந்தத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி தன் கூட்டமைப்பின் பருவப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. அணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்டைக்கு இடமுண்டு, மொழிக்கு இடமில்லை என்று ஆகிவிட்ட இடத்தில் பேஸ்பாலின் அருமையைப் பாடுவது மொழியாசிரியனுக்கு அழகா என்று நண்பர்கள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. இன்னொன்றையும் அவர்கள் சேர்த்துக் கேட்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த ஆட்டம் இனியும் அந்தப் பழைய திண்ணை விளையாட்டு அல்லவே? 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். 11.7 என்ற வரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் 34 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. பணமுள்ளவன் 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம், இல்லாதவன் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2019 முதல் 2025 வரை நடந்த ஆறு தொடர்களிலும் (2020 இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை) பட்டம் வென்றவை அனைத்தும் தென்கிழக்கு மாநிலங்களின் செல்வம் மிக்க ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகள். வீரர்களும் ஆண்டுதோறும் அணி மாறுகிறார்கள். பால் ஸ்கீன்ஸ் விமானப்படைக் கல்விக்கழகத்திலிருந்து லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரே ஒரு பருவம் ஆடி, 2023 பட்டத்தை வென்று தந்துவிட்டுத் தொழில்முறைக்குப் போய்விட்டார்.

இவையெல்லாம் உண்மை. இவற்றைக் கண்டு நானும் கவலைப்படுகிறேன். கல்லூரி பேஸ்பால் இன்னொரு கால்பந்தாக மாறினால் அதன் உயிர் போய்விடும். பணம் கொட்டாமல் இருந்ததே அதன் பாதுகாப்பாக இருந்தது. சின்னக் கல்லூரிகள் போட்டியிட முடியாமல் அணிகளைக் கலைக்கத் தொடங்கும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகம் நாற்பது ஆண்டுகளுக்குப்பின் 2020 இல் பேஸ்பாலை மீண்டும் தொடங்கி, பெருந்தொற்றால் 14 ஆட்டங்களோடு பருவம் நின்றுபோக, அதே ஆண்டு ஜூலையில் அணியைக் கலைத்தே விட்டது.

ஆனால் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. மொழித்துறையைக் கொன்றது பேஸ்பால் அன்று. மொழித்துறையைக் கொன்றதும் பெர்க்லியில் பேஸ்பாலைக் கொல்லப் பார்த்ததும் ஒரே ஆயுதம்தான்: 'உன்னால் எவ்வளவு வருகிறது?' என்னும் கேள்வி. பெர்க்லி அணி தப்பியது, அந்தக் கேள்விக்கு அது சரியான பதில் சொன்னதால் அல்ல. 'இதற்கு நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்ல அதற்கு மனிதர்கள் இருந்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியே வந்து போராடினார்கள். மதிப்புக்குரிய போராட்டம் அது. ஆயினும், முப்பதாண்டுகளுக்கு முன் அங்கே ஜெர்மனோ ரஷ்ய மொழியோ படித்துவிட்டுப் போனவர்கள் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு ஆண்டுதோறும் வந்து உட்கார ஒரு திண்ணை அங்கே இருந்ததில்லை. அதைக் கட்டித்தரும் வழக்கம் கல்வித்துறைகளுக்கு இல்லை.

ஆகவே என் கட்சி இது. ஒரு கல்லூரி தன் பேஸ்பால் அணியை வருமானத்தால் அளப்பது தவறு. அதே காரணத்தால், அதை வருமானம் தரும் எந்திரமாக மாற்ற முயல்வதும் தவறு. அது லாபம் ஈட்டவில்லை என்பது குறையல்ல. நூலகமும் ஈட்டுவதில்லை, பழைய காவியங்களைக் கற்பிக்கும் வகுப்பும் ஈட்டுவதில்லை. இம்மூன்றுக்கும் செய்யப்படும் செலவு, ஒரு நிறுவனத்தைத் தன்னுடையது என்று மனிதர்கள் எண்ணுவதற்காகச் செய்யப்படும் செலவு. அந்த எண்ணம் போய்விட்டால், மாணவன் என்பவன் கட்டணம் கட்டிச் சரக்கு வாங்கிப் போகும் வாடிக்கையாளன் ஆகிறான். கடை மூடினால் வாடிக்கையாளன் அடுத்த கடைக்குப் போவான். ஈஸ்ட்லேக் மைதானத்தில் ஜூன் 1 அன்று கூடியவர்கள் அப்படிப் போகவில்லை.

இலக்கியத் துறைகளைக் காப்பாற்ற நினைக்கும் நாம் விளையாட்டு ரசிகர்களை ஏளனமாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அவர்களுக்குத் தெரிந்த ஒன்று நமக்கும் பயன்படும். பயன் எதுவும் கேட்காமல் ஒன்றின் பக்கத்தில் முப்பதாண்டுகள் உட்கார்ந்திருப்பது எப்படி என்பது ஸ்டார்க்வில்லில் அடுப்பு மூட்டுகிறவனுக்குத் தெரியும். நல்ல வாசகனுக்கும் அது தெரிந்ததே. இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டால் கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள் சற்றுத் தயங்குவார்கள் என்று நம்புகிறேன்.